கிட்டிக்குக் கணக்குக் கேட்ட வணிகர்

இரண்டு பலகைத் துண்டுகள். ஒரு முனை சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். நடுவில் மனிதனின் கைவிரல்களை வைத்து மறுமுனையை அழுத்துவார்கள், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல. இதற்குக் கிட்டி என்று பெயர். ஆளைக் குனிய வைத்துக் கயிற்றால் கட்டி, முதுகில் கல்லை ஏற்றி, வெயிலில் நிறுத்துவது இன்னொரு முறை. அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர்.

திருடனுக்கும் கொலைகாரனுக்கும் மட்டும் ஏற்பட்ட தண்டனைகள் என்று நினைத்துவிட வேண்டாம். நிலத் தீர்வை கட்ட வழியில்லாத குடியானவனுக்கும் இதே கதிதான். கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட சென்னை ராஜதானியில், 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கொடுமை நடந்தது. கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். தாலுகா கச்சேரியிலும் தெரியும். சீமையில் இருந்த கம்பெனி டைரக்டர்களைக் கேட்டால், அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியாது என்பார்கள்.

இனிமேல் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாதபடி செய்தவர் சென்னையைச் சேர்ந்த ஒரு வணிகர். அவர் பெயர் காஜுலு லட்சுமிநரசு செட்டி.

சாய வியாபாரியின் மகன்

லட்சுமிநரசு செட்டியார் 1806-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தெலுங்கு பேசும் கோமுட்டி வைசியக் குடும்பம். தகப்பனார் சித்துலு செட்டியார் அவுரிச் சாயத்திலும் துணியிலும் வாணிபம் செய்தவர். மகனும் அதே தொழிலில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். கம்பெனி துரைமார்களைக் கண்டால் சலாம் போட்டுவிட்டு, லாபத்தை எண்ணிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அந்நாளில் பெரும்பாலான தனவந்தர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

செட்டியாரின் மனம் அதில் திருப்தி அடையவில்லை. 1844-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் பெயர் 'கிரெசென்ட்'. பிறைச் சந்திரன் என்று பொருள். ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்தினார். நாட்டு மக்களின் குறையை ஆளுவோருக்குப் புரியும் பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் டுவீடேல் பிரபு. கல்வியிலும் சொத்துரிமையிலும் சர்க்கார் மிஷனரிகளின் பக்கம் சாய்கிறது என்ற மனக்கசப்பு அந்நாளில் ஹிந்துக்களிடையே பரவியிருந்தது. சர்க்கார் பள்ளியில் விவிலியத்தைப் பாடமாக்கும் யோசனையைக் 'கிரெசென்ட்' எதிர்த்தது. மதம் மாறியவரின் வாரிசுரிமை பற்றிய மசோதாவையும் எதிர்த்தது. அதிகார வர்க்கத்துக்குக் கோபம் வந்தது. பத்திரிகையின் விளம்பரத்தைச் சர்க்கார் கெஜட்டில் வெளியிட மறுத்தார்கள். சர்க்காரின் முகம் சுளித்தால் வியாபாரிக்கு நஷ்டம் என்பது தெரிந்த விஷயம். செட்டியார் அசையவில்லை.

யாரிடம் முறையிடுவது?

பத்திரிகை நடத்தும்போதே அவருக்கு இன்னோர் உண்மை புலப்பட்டது. நகரத்து மக்களின் குறையைவிடக் கிராமத்துக் குடியானவனின் குறை பெரிது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஏன் சொல்லவில்லை? காரணம் எளிது. 1816-ம் ஆண்டில் ஏற்பட்ட விதிகளின்படி வரி வசூல் செய்யும் தாசில்தாரே போலீஸ் அதிகாரியாகவும் இருந்தார். அவருக்கு மேலே கலெக்டர். அவரே மாஜிஸ்டிரேட்டு. வசூல் குறைந்தால் கலெக்டர் தாசில்தாரைக் கடிந்துகொள்வார். தாசில்தார் சேவகர்களை ஏவுவார். சேவகன் குடியானவனின் விரலைக் கிட்டியில் வைப்பான். அடிபட்டவன் போலீசிடம் போக வேண்டுமானால் அந்தத் தாசில்தாரிடமே போக வேண்டும். அவரைத் தாண்டிக் கலெக்டரிடம் போவதென்றால் பல நாள் நடை, கூலி நஷ்டம், கைச்செலவு. போனாலும் மனு விசாரணைக்காகப் பெரும்பாலும் அதே தாலுகாவுக்குத்தான் திரும்பி வரும். மனுக் கொடுத்தவன் ஊர் திரும்பி அதே அதிகாரியின் கீழேதான் வாழ வேண்டும்.

கம்பெனியின் சட்டப் புத்தகத்தில் சித்திரவதைக்கு இடம் கிடையாது. அது குற்றம் என்றே எழுதியிருந்தது. ஆனால் குற்றம் செய்தவன் வாசலிலேயே நியாயம் கேட்க வேண்டியிருந்ததால் அந்த எழுத்து ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது.

செட்டியார் கண்ட வழி இதுதான்: கம்பெனியைப் பற்றிக் கம்பெனியிடம் முறையிட்டுப் பயனில்லை. கம்பெனிக்கே எஜமானனாக இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு.

கடல் கடந்த மகஜர்

1852-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி சென்னைச் சுதேசிகள் சங்கம் உதயமாயிற்று. தென்னிந்தியாவின் முதல் அரசியல் சங்கம் அதுதான். அதற்கு உயிராக இருந்தவர் செட்டியார்.

சங்கம் தோன்றிய சமயம் முக்கியமானது. கம்பெனியின் சாசனம் இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். 1853-ல் அந்தத் தவணை வந்தது. சாசனத்தைப் புதுப்பிக்கும் முன் பார்லிமெண்டு இந்திய நிர்வாகத்தை விசாரிக்கும். வீட்டுக்காரன் குத்தகைச் சீட்டை மறுபடி எழுதும் நேரத்தில்தானே குத்தகைக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்?

1852-ம் ஆண்டின் இறுதியில் சங்கத்தின் மகஜர் லண்டனுக்குப் புறப்பட்டது. நிலத் தீர்வையின் பாரம், அதை வசூலிக்கும் விதம், நீதிமன்றங்களின் தாமதம், சாலையும் பாசனமும் கவனிப்பாரற்றுக் கிடப்பது, கல்விக்குச் செலவிடும் தொகையின் சிறுமை எல்லாம் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன.

மகஜர் பார்லிமெண்டில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆயினும் 1853-ம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் ஆட்சியை நீட்டித்தது. சங்கம் எதிர்பார்த்த சீர்திருத்தம் வரவில்லை. வேறொருவராக இருந்தால் அத்துடன் சோர்ந்திருப்பார்.

நேரில் வந்த அங்கத்தினர்

இங்கிலாந்தில் இந்திய நிர்வாகத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று பாடுபட்ட கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவர்களில் ஒருவர் டான்பி சீமோர், காமன்ஸ் சபை அங்கத்தினர். 1853-ம் ஆண்டு அவர் தாமே நிலைமையைப் பார்ப்பதற்காகச் சென்னைக்கு வந்தார்.

செட்டியார் இந்த வாய்ப்பை நழுவ விடவில்லை. சீமோரைப் பல ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்றார். கவர்னர் மாளிகையில் விருந்து சாப்பிட்டு, கலெக்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டு திரும்பும் பிரயாணமல்ல அது. குடியானவர்களையே நேரில் சந்திக்கும் பிரயாணம். வரி எப்படி வசூலாகிறது என்பதைக் கட்டுகிறவர்கள் வாயாலேயே சீமோர் கேட்டார்.

1854-ம் ஆண்டு ஜூலை மாதம் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. சென்னை ராஜதானியில் வரிக்காகச் சித்திரவதை நடக்கிறது என்று சீமோர் எடுத்துரைத்தார். கம்பெனிக்கு வேண்டியவர்கள் அதை நம்ப மறுத்தார்கள். ஆனால் பேசியவர் நேரில் போய் வந்தவர். எளிதில் தள்ள முடியவில்லை. விசாரணை நடத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

1,959 முறையீடுகள்

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை சர்க்கார் விசாரணைக் கமிஷனை நியமித்தது. அங்கத்தினர் மூவர்: சென்னை நகர மாஜிஸ்டிரேட்டு எலியட், சிவில் அதிகாரி ஸ்டோக்ஸ், வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன். கம்பெனியின் நீதி நிர்வாகத்தைக் குறை கூறிப் புத்தகம் எழுதியவர் நார்ட்டன்.

கமிஷன் கூடியது சென்னையில். முறையீடு செய்யக் கிடைத்த அவகாசமோ சில மாதங்கள்தான். கோவையிலோ கஞ்சத்திலோ இருக்கும் ஏழைக்கு அறிவிப்பு எட்ட வேண்டும். அவன் பயத்தை விட வேண்டும். பிறகு ரயில் இல்லாத அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்து சேர வேண்டும்.

அப்படியும் 519 பேர் நேரில் வந்தார்கள். 1,440 பேர் கடிதம் அனுப்பினார்கள். மொத்தம் 1,959 முறையீடுகள். நேரில் வந்த ஒவ்வொருவனும் வயலையும் குடும்பத்தையும் விட்டு வந்தவன். ஊர் திரும்பினால் என்ன நேருமோ என்று அறியாதவன்.

கமிஷனின் அறிக்கை 1855-ம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. சித்திரவதை நடப்பது உண்மையே என்று அது ஒப்புக்கொண்டது. கிட்டி, அண்ணாந்தாள், சாப்பிட விடாமல் நிறுத்தி வைத்தல், தூங்க விடாமை, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுதல், தலைமயிரைக் கழுதையின் வாலிலோ எருமையின் வாலிலோ கட்டுதல் என்று முறைகளைப் பட்டியல் போட்டது. பாதிக்கப்பட்டவனுக்குப் பரிகாரம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னது. சர்க்கார் நியமித்த கமிஷனே சர்க்காரின் அச்சுப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டது. இதைத்தான் செட்டியார் விரும்பினார்.

அந்த அறிக்கை வெகு தூரம் சென்றது. 1857-ல் சிப்பாய்களின் கொடுமையைப் பற்றி மட்டும் இங்கிலாந்து பேசிக்கொண்டிருந்தபோது, லண்டனில் வசித்த கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்திய சித்திரவதை விசாரணை பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்கு ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டது இந்தச் சென்னை அறிக்கையைத்தான்.

சேவகன் தலையில் பழி

அறிக்கையில் பெரிய குறை ஒன்று உண்டு. கமிஷன் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள்மீது போட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்மதம் இல்லை என்று அவர்களை விடுவித்தது.

சேவகனின் கை குற்றம் செய்த கைதான். ஆனால் அவனை ஏவியது யார்? மழை பொய்த்தாலும் தொகை வந்தாக வேண்டும் என்று கேட்டது யார்? கிட்டியில் நசுங்கிய விரலிலிருந்து வந்த பணம் எந்தப் பொக்கிஷத்தில் சேர்ந்தது? பணத்தை வாங்கிக்கொண்டவர்கள், அது வந்த வழி தங்களுக்குத் தெரியாது என்றார்கள். கமிஷனும் அதை ஏற்றுக்கொண்டது. அதிகாரம் எந்நாளும் தப்பித்துக்கொள்ளும் சந்து இது.

ஆயினும் பலன் இல்லாமல் போகவில்லை. வரி வசூலிப்பவனும் போலீஸ்காரனும் ஒருவனாக இருக்கக் கூடாது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. 1859-ம் ஆண்டின் 24-வது சட்டத்தால் சென்னை ராஜதானியில் போலீஸ் இலாகா தனியாகப் பிரிக்கப்பட்டது. 1860-ம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-வது பிரிவு, வாக்குமூலம் வாங்கவோ பணம் பிடுங்கவோ ஒருவனைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியது. அதற்குக் கொடுத்த உதாரணங்களில் ஒன்று, வரிப் பாக்கிக்காக ஒருவனைச் சித்திரவதை செய்யும் ரெவின்யூ அதிகாரி. 2024-ம் ஆண்டு ஜூன் வரை அந்தச் சட்டம் அமலில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இந்தக் குற்றத்துக்கு இடம் உண்டு.

கரைந்த செல்வம்

1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்து நாடு விக்டோரியா மகாராணியின் ஆளுகைக்கு மாறியது. கம்பெனியின் பிடியிலிருந்து நாட்டை விடுவிக்க வேண்டும் என்பது சென்னைச் சங்கம் முன்பே வற்புறுத்திய கோரிக்கை. ஒரு காலத்தில் செட்டியாரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த சர்க்கார், பிறகு சி.எஸ்.ஐ. பட்டம் அளித்துக் கௌரவித்தது. 1863-ல் சென்னைச் சட்டசபையிலும் அவருக்கு இடம் கொடுத்தது.

கௌரவம் வந்தபோது கையில் காசில்லை. பத்திரிகை, சங்கம், மகஜர், பிரயாணம் என்று பொதுக் காரியத்துக்கு வாரி இறைத்ததில் செல்வம் கரைந்துபோயிற்று. வியாபாரமும் நொடித்தது. ஒரு காலத்தில் பெரும் தனவந்தராக விளங்கியவர் 1868-ம் ஆண்டு வறுமையில் காலமானார்.

அவர் மறைந்த பத்தாம் ஆண்டில் சென்னையில் 'ஹிந்து' பத்திரிகை தோன்றியது. 1884-ல் சென்னை மகாஜன சபையும் அடுத்த ஆண்டில் காங்கிரஸ் மகாசபையும் பிறந்தன. குறையைப் பத்திரிகையில் எழுதுவது, சங்கமாகக் கூடுவது, கையெழுத்து வாங்கி மகஜர் அனுப்புவது என்று அவை கையாண்ட வழிகளையெல்லாம் தென்னாட்டில் முன்பே நடந்து காட்டியவர் செட்டியார்.

செட்டியார் கத்தி எடுத்தவர் அல்லர். மேடையில் முழங்கிப் பேர் வாங்கியவரும் அல்லர். கணக்கு வழக்குத் தெரிந்த வியாபாரி. கடன்பட்டவன் இல்லை என்று சொன்னால் ஏட்டை எடுத்து வந்து சாட்சிகள் முன்னால் விரிக்க வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியும். கம்பெனி விஷயத்தில் அவர் செய்தது அதைத்தான். சாட்சி சொல்ல 519 பேர் நேரில் வந்தார்கள். அவர்கள் பேர் ஊரில் யாருக்கும் இன்று நினைவில்லை. செட்டியாரை நினைக்கும்போது அவர்களையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.