31 சென்ட்டுக்கும் ஒரு கணக்கு: சலவைத் துணி சுமந்த மேகி வாக்கர் வங்கித் தலைவரான கதை

1903 நவம்பர் 2. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரத்தில் புதுசா ஒரு வங்கி திறக்கப்படுகிறது. பெயர், செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க். முதல் நாளே சுமார் 280 பேர் வந்து 8,000 டாலருக்கு மேல் டெபாசிட் செய்கிறார்கள். அதில் ஒருத்தர் கொண்டு வந்தது வெறும் 31 சென்ட். அவருக்கும் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள்.

வங்கியின் தலைவர் 39 வயதான மேகி லீனா வாக்கர். அமெரிக்காவில் வங்கி தொடங்கி, அதன் தலைவராகவும் இருந்த முதல் கறுப்பினப் பெண்.

முதல் நாள் கூட்டத்தைப் பார்த்து, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கொஞ்சம் பின்னாடி போக வேண்டும். அடிமை முறை ஒழிந்ததும், விடுதலையான மக்களுக்காக 1865-ல் ஃப்ரீட்மென்ஸ் பேங்க் என்று ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கியது. அரசாங்கமே பின்னால் இருக்கு என்று நம்பி, கைக்காசை எல்லாம் அதில் போட்டார்கள். நிர்வாகத்தில் இருந்தவர்கள் இஷ்டத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1874-ல் வங்கி மூடப்பட்டது. சுமார் 61,000 பேரின் பணம் மாட்டிக்கொண்டது. பலருக்கு முழுசா திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தக் காயத்தோடு இருந்த ஜனங்கள்தான் மறுபடியும் ஒரு கவுன்ட்டரில் வந்து பணத்தை நீட்டினார்கள்.

யார் இந்த மேகி?

1864-ல் ரிச்மண்டில் பிறந்தவர். அம்மா எலிசபெத், அடிமையாக இருந்தவர். பிறகு எலிசபெத் வான் லூ என்ற பணக்கார வெள்ளைக்காரப் பெண்மணியின் சமையலறையில் வேலை பார்த்தார். (இந்த வான் லூ உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு உளவு சொன்னவர். அது தனிக் கதை.) மேகியின் வளர்ப்புத் தந்தை ஹோட்டலில் வெயிட்டர். 1876-ல் அவர் உடல் ஜேம்ஸ் ஆற்றில் மிதந்தது. தற்கொலை என்று அதிகாரிகள் முடித்துவிட்டார்கள். கொலை என்றே குடும்பம் கடைசிவரை நம்பியது.

அதன்பிறகு அம்மாவுக்குச் சலவைத் தொழில்தான் கதி. துவைத்த துணிகளைச் சுமந்து வெள்ளைக்காரர் வீடுகளில் சேர்ப்பது மேகியின் வேலை. படிப்பை விடவில்லை. 1883-ல் பட்டம் வாங்கும்போது, வெள்ளை மாணவர்களுக்கு விழா தியேட்டரில், எங்களுக்கு மட்டும் சர்ச்சிலா என்று வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து எதிர்ப்பு தெரிவித்தார். மூன்று வருஷம் டீச்சர். 1886-ல் ஆர்ம்ஸ்டெட் வாக்கருடன் கல்யாணம் ஆனது. கல்யாணமான பெண் டீச்சர் வேலையில் இருக்கக் கூடாது என்பது அன்றைய விதி. வேலை போச்சு.

கஜானாவில் 31 டாலர் 61 சென்ட்

மேகிக்கு இன்னொரு உலகம் இருந்தது. செயின்ட் லூக் சங்கம். உறுப்பினர்கள் மாசாமாசம் சந்தா கட்டுவார்கள். உடம்புக்கு முடியாமல் போனாலோ, யாராவது இறந்துபோனாலோ சங்கம் பணம் தரும். வெள்ளையர் நடத்திய இன்சூரன்ஸ் கம்பெனிகள் கறுப்பினத்தவரை ஒதுக்கிய காலத்தில், இதுதான் அவர்களின் இன்சூரன்ஸ். சின்ன வயதிலேயே மேகி இதில் சேர்ந்துவிட்டார்.

1899-ல் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு கைக்கு வந்தபோது, உறுப்பினர்கள் 1,080 பேர். கஜானாவில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பில்களோ 400 டாலர். முன்பு இருந்த செயலாளருக்கு வருஷத்துக்கு 300 டாலர் சம்பளம். மேகி 100 டாலருக்கு வேலையை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய கணக்கு ரொம்ப சிம்பிள். சலவைக்காரப் பெண்களும் வீட்டு வேலை செய்பவர்களும் புகையிலை ஆலைத் தொழிலாளர்களும் சம்பாதிக்கும் காசு, அவர்களை மதிக்காத வங்கிகளுக்கும் கடைகளுக்கும் போகிறது. அதே காசை ஒரே இடத்தில் சேர்த்தால், அவர்களுக்கே வீட்டுக் கடனாகத் திரும்பி வரும். 1902-ல் சங்கத்துக்கு ஒரு பத்திரிகை, அடுத்த வருஷம் வங்கி. உணர்ச்சிவசப்பட்டு இறங்கிவிடவில்லை. ரிச்மண்டின் மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் பேங்கில் தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். குழந்தைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்தார். காசு சேர்ந்ததும் வங்கிக்குக் கொண்டுவந்து கணக்கு தொடங்கலாம். 1920-க்குள் 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த வங்கியின் கடனில் வீடு வாங்கியிருந்தன.

தோற்றுப்போன கடை

மேகியைப் பற்றிப் பேசுபவர்கள் வங்கியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கடைதான் முக்கியமாகப் படுகிறது. 1905-ல் நகரத்தின் பெரிய கடைத்தெருவான பிராட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் லூக் எம்போரியம் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரைத் திறந்தார். மற்ற கடைகளில் கறுப்பினப் பெண்களை விற்பனையாளராகச் சேர்க்க மாட்டார்கள். இங்கே அவர்கள்தான் கவுன்ட்டரில் நின்றார்கள்.

வெள்ளை வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. பணம் கொடுத்து இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், நடக்கவில்லை. அப்புறம் மொத்த வியாபாரிகளிடம் போய் இந்தக் கடைக்குச் சரக்கு தராதே என்று நெருக்கினார்கள். அதைவிட வலி என்னவென்றால், சொந்த ஜனங்களிலேயே நிறையப் பேர் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கடைகளுக்கே போனார்கள். மேகி மேடைகளில் கெஞ்சியும் திட்டியும் பார்த்தார். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வாரக்கூலியில் ஒவ்வொரு சென்ட்டும் கணக்குதான். 1911-ல் கடை மூடப்பட்டது.

கிட்டத்தட்ட அதே நேரம் இன்னொரு நெருக்கடி. 1910-ல் ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்ற கறுப்பினச் சங்கத்தின் வங்கி திவாலானது. வர்ஜீனியா அரசு விதிகளை இறுக்கி, சங்கம் வேறு, வங்கி வேறு என்று பிரிக்கச் சொன்னது. மேகி பிரித்தார், வங்கி தப்பித்தது.

வீட்டில் விழுந்த அடி இன்னும் மோசம். 1915-ல் ஒரு நாள், திருடன் என்று நினைத்து மகன் ரஸ்ஸல் சுட்டதில் கணவர் ஆர்ம்ஸ்டெட் இறந்துபோனார். கோர்ட் மகனை விடுதலை செய்தது. ஊர் வாய் ஓயவில்லை. மேகியைப் பொறுப்பிலிருந்து இறக்கவும் முயற்சி நடந்தது. அவர் நகரவில்லை. 1920-களின் நடுவில் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

கடைசி வருஷங்களில் நடக்க முடியவில்லை. வீட்டில் லிஃப்ட் வைத்து, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி காரை மாற்றி, ஆபீஸ் போய்வந்தார். பொருளாதார மந்தம் நாடு முழுக்க வங்கிகளைச் சாய்த்தபோது, மற்ற இரண்டு கறுப்பின வங்கிகளோடு தன் வங்கியை இணைத்து, இயக்குநர் குழுவின் தலைவராக இருந்தார். 1934 டிசம்பர் 15-ல் இறந்தார்.

கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் டிரஸ்ட் என்ற அந்த இணைப்பு வங்கி, 2005-ல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை கறுப்பினத்தவர் உடைமையாகவே இயங்கியது. ஈஸ்ட் லெய் தெருவில் மேகி வாழ்ந்த வீடு இப்போது தேசிய நினைவிடம். 2017-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள், கடை தோற்ற அதே பிராட் ஸ்ட்ரீட்டில்.