அறிஞர் எல்லப்பிரகத சுப்பாராவ்

நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் உடலினுள் எவ்வாறு ஆற்றலாக மாறுகின்றன என்பது நெடுங்காலம் விடை காணா வினாவாகவே இருந்தது. அவ்வினாவிற்கு விடை தேடிய பேரறிஞருள் ஒருவர் நம் சென்னை மாநகரில் பயின்றவர். ஆயினும் அவர் பெயரை அறிந்தார் நம் மாணவருள்ளும் மிகச் சிலரே. ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

எல்லப்பிரகத சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் எளிய குடும்பமொன்றில் தோன்றினார். தந்தையார் சகந்நாதம், தாயார் வெங்கம்மா. இளமையில் இவர்பால் பேரறிஞர்க்குரிய அறிகுறி ஒன்றும் காணப்படவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிற் கற்குங்கால் துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்திற் சேர விழைந்தார். அன்னையார் அதற்கு இசைந்திலர். எனவே, மக்கட்குத் தொண்டு புரிதற்கு ஏற்ற துறை மருத்துவமே எனத் தேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார்.

காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம் அது. சுப்பாராவ் அறுவைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். அது பேராசிரியரின் வெறுப்பை ஈட்டித் தந்தது. அதன் விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்பர். இவ்வேமாற்றத்தினும் கொடிய துயரொன்று அவரை அடுத்து வந்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர், ஸ்ப்ரூ என்னும் வயிற்றுநோயால் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அந்நோய்க்கு மருந்தொன்றும் அந்நாளில் இல்லை. கற்ற மருத்துவம் உடன்பிறந்தாரையும் காவாதொழிந்தமை அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் சிலகாலம் ஆசிரியராக இருந்தபின், மாமனாரின் பொருளுதவி பெற்று, 1922-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கு மருத்துவமனையொன்றில் இரவில் ஏவல்வேலை செய்து, பகலில் ஹார்வர்டிற் கற்றார். பின் சைரஸ் பிஸ்க் என்னும் அறிஞருடன் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரத்தை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இன்றும் அவ்விருவர் பெயராலேயே அம்முறை வழங்குகின்றது.

அவ்வளவுகோலே புதையலைக் காட்டிய விளக்காயிற்று. தசையிற் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் உளதென 1927-இல் இருவரும் கண்டனர். 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் இதுவே எனப் பின்னாளில் தெளிவாயிற்று.

இப்பொருளுக்கும் கல்லீரற் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு வியத்தற்குரியது. கல்லீரலிற் புகுந்த கொழுப்பமிலம், டிரைபாஸ்பேட்டைச் செலவிட்டுத் துணைநொதி ஏ-யுடன் இணைந்த பின்னரே எரிதற்கோ சேமிக்கப்படுதற்கோ உரியதாகின்றது. இன்சுலினின் ஏற்பியும் அதே டிரைபாஸ்பேட்டின் பாஸ்பேட்டைப் பெற்றே தன் செய்தியை உள்ளே அனுப்புகின்றது; இஃது 1982-இல் வெளிப்பட்டது. எரிதற்கு மிஞ்சிய கொழுப்பமிலம் கல்லீரலில் குவியுங்கால், டைஅசைல்கிளிசரால் என்னும் இடைப்பொருள் பெருகி, அச்செய்தியை மழுங்கச் செய்கின்றது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். செய்தி எட்டாத கல்லீரல், உணவுண்ட பின்னும் சர்க்கரையை ஆக்கிக் குருதியிற் சொரிகின்றது. நெல்லும் மணிலாவும் விளையும் நம் வல்லம், திண்டிவனம் பகுதிகளிலும் இன்று நீரிழிவு பெருகிவரலின், இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று.

இத்துணைச் சிறப்பெய்தியும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடம் சென்று, ஆராய்ச்சித் தலைவரானார். அவர்தம் குழுவினர் ஃபோலிக் அமிலத்தை 1945-இல் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூ நோயால் வரும் குருதிச் சோகைக்கு அதுவே மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர், அவரைக் கொன்ற நோயை எதிர்க்கும் கருவியை இருபது ஆண்டிற்கு மேல் உழைத்து உலகிற்கு அளித்தார். யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசீன் மருந்தும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியும் அக்கூடத்தினின்றே வெளிவந்தன. அங்கு ஆக்கப்பட்ட அமினோப்டெரினைக் கொண்டே சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகட்குத் தற்காலிக நலம் கிட்டியதை 1948-இல் வெளியிட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே சுப்பாராவ் உறக்கத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்துமூன்று. தாய்நாட்டையும் மனைவியாரையும் மீண்டும் காணாமலே மறைந்தார். நோபெற் பரிசும் அவருக்குக் கிட்டவில்லை. 1995-இல் இந்திய அரசு அவர் உருவந் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

தேர்விற் பெற்ற எண்கள் ஒருவன் தகுதிக்கு முடிந்த அளவு ஆகா என்பதற்கு இவர் வாழ்வு சான்று. துயரைத் தொண்டாக மாற்றியவர் புகழ், பரிசுகளை எதிர்நோக்கி நிற்பதன்று. நோயாளர் விழுங்கும் சிறு மாத்திரையில் அது பெயரின்றி வாழ்கின்றது.