குரு தத் படம் என்றாலே சோகம்தானா? முதலில் ‘ஆர் பார்’ பாருங்க

குரு தத் படத்தில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் உங்களுக்கு ‘பியாசா’வைத்தான் சொல்வார்கள். அருமையான படம், மறுப்பே இல்லை. ஆனால் வாரம் முழுக்க ஆபீஸில் அரைபட்டு வந்த வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு அது சரிப்படாது. அந்த மனுஷர் எடுத்த ஜாலியான படங்கள் தனியாக இருக்கின்றன. பெயர் வாங்கித் தந்ததும் அவைதான்.

1925 ஜூலை 9-ம் தேதி பெங்களூருவில் பிறந்தவர், வளர்ந்தது கல்கத்தாவில். அல்மோராவில் உதய் சங்கரிடம் நடனம் கற்றார். கல்கத்தாவில் டெலிபோன் ஆபரேட்டர் வேலையும் பார்த்தார், ரொம்ப நாள் தாங்கவில்லை. பிறகு புனேயின் பிரபாத் ஸ்டூடியோ. அங்கே சலவைக்குப் போட்ட சட்டை மாறிப்போனதில் தேவ் ஆனந்தோடு பழக்கமாச்சு. நான் தயாரிப்பாளரானால் நீதான் டைரக்டர் என்று தேவ் ஆனந்த் வாக்குக் கொடுத்தார். சினிமாவில் இப்படிப்பட்ட வாக்குகள் காற்றோடு போவதுதான் வழக்கம். இவர் காப்பாற்றினார்: 1951-ல் ‘பாஸி’ வந்தது, ஓடியது. அதில் பாடிய கீதா ராயை 1953-ல் குரு தத் கல்யாணம் செய்துகொண்டார்.

நீங்கள் தொடங்க வேண்டியது 1954-ல் வந்த ‘ஆர் பார்’. ஜெயிலிலிருந்து வெளியே வரும் ஒரு டாக்சி டிரைவரின் கதை. குரு தத்தே ஹீரோ. அப்ரார் ஆல்வி எழுதிய வசனத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பேச்சையே பேசுவார்கள். அன்றைய இந்திப் படங்களின் மேடைத் தமிழ் மாதிரியான விறைப்பு இதில் கிடையாது. ஓ.பி.நய்யாரின் பாட்டுகள் கதையை நிறுத்தாமல் அதற்குள்ளேயே ஓடும்.

அடுத்தது ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55’. சொத்துக்காக ஒரு பொய்க் கல்யாணம். வேலையில்லாத கார்ட்டூனிஸ்ட்டாக குரு தத், பணக்காரப் பெண்ணாக மதுபாலா. மதுபாலாவின் காமெடி டைமிங்குக்காகவே பார்க்கலாம். ஆனால் விவாகரத்து உரிமை கேட்கும் பெண்களை இந்தப் படம் கிண்டலடிக்கும் இடங்கள் இன்றைக்கு உறுத்தும். இந்து திருமணச் சட்டம் வந்த அதே வருஷத்துப் படம் இது என்பதை மனதில் வைத்துப் பாருங்க.

1956-ல் அவர் தயாரிக்க, ராஜ் கோஸ்லா இயக்கிய ‘சி.ஐ.டி.’ விறுவிறுப்பான க்ரைம் படம். செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானுக்கு அதுதான் முதல் இந்திப் படம். ஒரு தெலுங்குப் படத்தில் ஆடியவரை பம்பாய்க்கு அழைத்து வந்தவர் குரு தத்தான்.

அப்புறம்தான் 1957-ல் ‘பியாசா’. 1959-ல் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘காகஸ் கே பூல்’ எடுத்தார், படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் இயக்குநர் என்று தன் பெயரைப் போடவே இல்லை. அந்த நஷ்டத்திலிருந்து கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது, லக்னோவில் நடக்கும் ஆள் மாறாட்டக் காதல் கதையான ‘சௌத்வின் கா சாந்த்’. இயக்கியது எம்.சாதிக். 1964 அக்டோபர் 10-ம் தேதி, 39 வயதில், குரு தத் இறந்தார்.

ஜானி வாக்கரைத் தனியாகச் சொல்லணும். பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். விஸ்கி பெயரை அவருக்குச் சூட்டியது குரு தத். மேலே சொன்ன ஜாலிப் படங்களில் அவரை ரசித்துவிட்டு ‘பியாசா’வுக்கு வாங்க. அந்தச் சோகத்துக்கு நடுவிலும், எண்ணெய்ப் பாட்டிலோடு தலை மசாஜ் செய்பவராக அவர் வருவார்.