கதை சொன்ன மூதறிஞர்

அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு இராஜாஜி பிறந்தார். சட்டம் பயின்று 1900இல் சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். பின்னர் மனைவி அலமேலு மங்கம்மாள் மறைந்தார். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. சேலம் நகராட்சித் தலைவர், சென்னை மாகாண முதலமைச்சர், இந்தியத் தலைமை ஆளுநர் எனப் பின்னாளில் பல பதவிகள் வகித்தார். ஆயினும் பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய நடையில் எழுதியதையே தம் மக்களுக்குச் செய்த தலைசிறந்த தொண்டாக அவர் கருதினார்.

அவ்வெளிமைக்கான பயிற்சி நூலகத்தில் கிடைத்ததன்று. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, அங்கேயே தங்கிப் பணியாற்றினார். இராட்டை நூற்கும் ஏழைப் பெண்களையும், கூலியைக் கள்ளுக்கடையில் இழக்கும் ஆண்களையும் நாள்தோறும் கண்டார். மதுவிலக்குக்காக 1929இல் ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். கல்கி அவருக்குத் துணைநின்றார். சிற்றூர் மக்களுக்குப் புரியாத சொல்லுக்கு அவ்விதழில் என்ன வேலை? 1937இல் முதலமைச்சரானதும் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தினார்.

கல்கி இதழில் அவர் எழுதிய ‘வியாசர் விருந்’தில் கசன், தேவயானி கதை இடம்பெற்றுள்ளது. இறந்தவரை எழுப்பும் மந்திரத்தைக் கற்கச் சுக்கிராச்சாரியாரிடம் வந்த கசனை அவர் மகள் தேவயானி விரும்புகிறாள். அசுரர் அவனைக் கொன்று எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிடுகின்றனர். மகளின் கண்ணீருக்காகக் குரு அவனை உயிர்ப்பிக்கிறார். தம்மை மயக்கிய மதுவையும் பழிக்கிறார். மதுவிலக்குக்கு உழைத்தவரின் எழுதுகோல் இவ்விடத்தில் தயங்கியிருக்குமா? ஆனால், கதை அங்கே முடிவதில்லை. குருவின் வயிற்றிலிருந்து வெளிவந்தமையால் தான் அவளுக்கு உடன்பிறந்தவன் ஆகிவிட்டதாகக் கூறிக் கசன் மணத்தை மறுக்கிறான். உயிரை மீட்டுத் தந்தவளுக்குக் காதல் கிட்டவில்லை. சாலுவனை விரும்பிய அம்பையின் நிலையோ இன்னும் கொடியது. வீடுமர் அவளைத் தேரேற்றிக் கொண்டுவந்த பிறகு, காதலன் உட்பட எவரும் அவளை ஏற்கவில்லை. இளையோர் படிப்பதற்காக இராஜாஜி இத்துயரங்களை இனிப்பாக்கிவிடவில்லை. மிகையாகப் புலம்பவும் இல்லை.

‘சக்கரவர்த்தித் திருமகன்’ என அவர் எழுதிய இராமாயணம் 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் வான்மீகியைப் பின்பற்றிச் செல்பவர், கம்பர் வேறுபடும் இடங்களையும் சுட்டிச் செல்கிறார். முடிசூட்டு விழாவோடு நூலை நிறுத்திக்கொண்டார். சீதை மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படும் உத்தரகாண்டத்தை எழுத அவர் மனம் இடந்தரவில்லை. எனினும் அத்துயரை அவர் மறைத்துவிடவில்லை. குரலற்றுத் துன்புறும் நம் நாட்டுப் பெண்களின் முடிவில்லாத வேதனையே சீதையின் அந்த இரண்டாம் பிரிவாக வடிவெடுத்தது என நூலின் இறுதியில் குறித்துவைத்தார்.