தலையணைக்குக் கீழ் ஒரு கைத்துப்பாக்கி

ஓடி மேர்பியைப் போர்வீரனாகத்தான் பலரும் அறிவர். டெக்சாஸின் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை. தாயை இழந்தபின், 1942இல் வயதைக் கூட்டிச் சொல்லி இராணுவத்தில் சேர்ந்தார். 1945 ஜனவரியில், 19 வயதில், பிரான்ஸில் எரிந்துகொண்டிருந்த கவச வாகனத்தின் மேல் நின்று தனியொருவராக ஜேர்மன் படையைத் தடுத்தார். அமெரிக்காவின் அதியுயர் வீரப் பதக்கம் கிடைத்தது. 1955இல் தன் போர்க் கதையைச் சொன்ன ஹொலிவூட் படத்தில் தானே நடித்தார்.

வீட்டிலோ அவருக்குத் தூக்கமில்லை. கெட்ட கனவுகள், தலையணைக்குக் கீழ் குண்டேற்றிய கைத்துப்பாக்கி. அந்த இரவுகளை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, அதை விடுவதற்காக விடுதி அறையொன்றில் ஒரு வாரம் தன்னைப் பூட்டிக்கொண்டார். (இதை யாரும் தனியே செய்து பார்க்க வேண்டாம், மருந்தை வைத்தியரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.)

நான் அவரை மதிப்பது அதன்பின் நடந்ததற்காக. இவற்றை வெளியே சொல்ல வெட்கப்பட்ட காலத்தில், தன் நிலையைப் பகிரங்கமாகப் பேசினார். கொரியா, வியட்நாம் போர்களிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயங்களை அரசு கவனிக்க வேண்டுமெனக் கேட்டார். 1971 மே 28இல், 45 வயதில், விமான விபத்தில் இறந்தார். இன்று நாங்கள் மனவடு என்று சொல்லும் நோய் அமெரிக்க உளமருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான்.