கணக்கறிந்த கதைசொல்லி மல்பா தஹான்

மெக்காவுக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் 1885இல் பிறந்து, கெய்ரோவிலும் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கல்வி கற்று, இளமையிலேயே மதீனா நகரின் ஆட்சிப்பொறுப்பை ஏற்று, தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு சீனம், ஜப்பான், ருஷ்யா, இந்தியா எனப் பல நாடுகளைச் சுற்றிவந்து, 1921இல் அரபு மக்களின் விடுதலைப் போரில் உயிர்துறந்தவர் மல்பா தஹான். பிரேசில் நாட்டு வாசகர்கள் தாம் விரும்பிப் படித்த எழுத்தாளரைப் பற்றி இவ்வாறுதான் நம்பியிருந்தனர். இவ்வரலாற்றில் ஒரு சொல்லும் உண்மையன்று. பாலைவனத்தைக் கண்ணாலும் கண்டிராத கணித ஆசிரியர் ஒருவர் ரியோ டி ஜெனிரோவில் அமர்ந்து புனைந்த வரலாறு அது.

அவ்வாசிரியரின் இயற்பெயர் ஜூலியோ சேசர் டி மெல்லோ இ சௌசா. 1895 மே 6ஆம் நாள் ரியோவில் பிறந்த அவர், சாவ் பாவுலோ மாநிலத்தின் கெலூஸ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தாய் ஆசிரியை, குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. வீட்டின் பின்புறத்தில் தவளைகளைத் திரட்டி வளர்ப்பதும், கதைகளும் புதிர்களும் நிறைந்த கையெழுத்து இதழொன்றைத் தாமே ஆக்குவதும் சிறுவனின் பொழுதுபோக்குகள். அக்கதைகளில் விந்தையான பெயர்களுடைய மாந்தர் அளவுக்கு மிஞ்சி வருகின்றனர், அவர்களிற் பலருக்குக் கதையில் வேலையே இல்லை என்று உடன்பிறந்தவர் குறைகூறியதுண்டு. பள்ளியில் பயின்ற காலத்தில் உடன்மாணவர்க்குக் கட்டுரை எழுதி விற்றுச் சிறுகாசு ஈட்டினார். கணக்கில் அவர் முதல்வரிசை மாணவராகத் திகழவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆசிரியப் பயிற்சியும் பொறியியற் பட்டமும் பெற்ற அவர் பொறியாளராகப் பணியாற்றவில்லை; வகுப்பறையையே தேர்ந்தார். எழுத்துலகில் நுழைந்த விதமோ நகைப்புக்குரியது. 1918 அளவில் தாம் பணிபுரிந்த நாளிதழின் ஆசிரியரிடம் ஐந்து கதைகளைக் கொடுத்தார். அவை மேசையிலேயே நாட்கணக்கில் கிடந்தன. அவற்றைத் திரும்ப எடுத்து, ஸ்லேட் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் படைப்புகள் எனப் பெயர்மாற்றிக் கொடுத்தார். மறுநாளே முதற்பக்கத்தில் ஒரு கதை இடம்பெற்றது. அயல்நாட்டுப் பெயருக்குள்ள மதிப்பு தாய்நாட்டுப் பெயருக்கு இல்லை என்பதை அன்று உணர்ந்தவர், அடுத்த புனைவைப் பல ஆண்டுகள் திட்டமிட்டார். அரபு மொழியைக் கற்றார். குர்ஆனையும் யூதர்தம் தால்முதையும் பயின்றார். மாணவி ஒருவரின் குடும்பப்பெயராகிய, மாவரைப்போன் எனப் பொருள்படும் தஹான் என்பதைத் தம் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். 1925இல் மல்பா தஹானின் கதைகள் ரியோ நாளிதழில் வெளிவரலாயின. அவற்றுக்கு அடிக்குறிப்பெழுதும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உடன் படைக்கப்பட்டார்! பின்னர் உண்மை வெளிப்பட்டபோதும் வாசகர் சினங்கொள்ளவில்லை. 1950களின் முற்பகுதியில் குடியரசுத் தலைவர் வர்காஸ், அப்பெயரை அவர்தம் அடையாள அட்டையிலேயே பொறித்துக்கொள்ள இசைவளித்தார்.

அவருக்கு நிலைத்த புகழை ஈட்டித் தந்தது, கணக்கிட்ட மனிதன் எனப் பொருள்படும் தலைப்புடன் 1938இல் வெளிவந்த நூலாகும். ஆடு மேய்க்கையில் மந்தையை எண்ணத் தொடங்கி, பறக்கும் பறவைகளையும் ஒரு நொடியில் எண்ணவல்ல பெரெமிஸ் சமீர் என்னும் பாரசீக இளைஞன் பாக்தாத் நகருக்குப் பயணப்படுகிறான். வழியில் மூன்று சகோதரர்கள் தந்தை விட்டுச்சென்ற 35 ஒட்டகங்களுக்காகப் பூசலிடுகின்றனர். மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று என்பது தந்தையின் கட்டளை. பெரெமிஸ் தன் நண்பனின் ஒட்டகத்தையும் சேர்த்து 36 ஆக்கி, 18, 12, 4 எனப் பிரித்தளிக்கிறான். மூவருக்கும் பங்கு கூடுகிறது. அதன்மேலும் இரண்டு ஒட்டகங்கள் எஞ்சுகின்றன. ஒன்று நண்பனுக்குத் திரும்புகிறது. மற்றொன்று கணக்கனின் கூலி. மாயமோ என மயங்கும் சிறுவன் தாளெடுத்து அப்பின்னங்களைக் கூட்டிப் பார்ப்பானாயின் முழுமை வாராது. பதினெட்டில் பதினேழே வரும். கதையின் மயக்கம் அவனைக் கணக்கின் தெளிவுக்குத் தானே இட்டுச்செல்கிறது.

இப்புதிர் அவர்தம் கண்டுபிடிப்பன்று. உலகில் முன்னரே வழங்கிவந்தது. சதுரங்கப் பலகையில் கோதுமைமணிகளை இரட்டித்து வைக்கும் இந்தியக் கதையும், நீர்க்கடிகையில் முத்து விழுந்து நல்வேளை தவறியதால் மணம் இழந்த லீலாவதியின் கதையும் இந்நூலில் உள்ளன. பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியில் அம்முத்தின் கதை இல்லை; அக்பர் அவையின் ஃபைசி 1587இல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழியே அது பரவியது. பழையவற்றைத் தொகுத்தாரேயன்றிப் புதிது புனைந்தாரல்லர் என்பாரும் உளர். ஆயினும், எட்டு அப்பங்களின் கதையைக் கூர்ந்து நோக்குவார் அவ்வாறு கூறித் தள்ளிவிட இயலாது. ஐந்து அப்பம் வைத்திருந்த பெரெமிஸும், மூன்று வைத்திருந்த நண்பனும், பசித்த வணிகர் ஒருவரோடு சமமாகப் பகிர்ந்துண்கின்றனர். வணிகர் எட்டுப் பொற்காசு தருகிறார். ஐந்தும் மூன்றுமே முறை என்கின்றனர் பிறர். பெரெமிஸோ ஏழும் ஒன்றுமே சரி என்கிறான். அப்பம் ஒவ்வொன்றும் மூன்று துண்டானால் மொத்தம் 24. ஒவ்வொருவரும் உண்டது 8. தான் கொடுத்த 15இல் வணிகருக்குச் சென்றது 7, நண்பனின் 9இல் சென்றது 1. இவ்வாறு நிறுவியபின் காசுகளை நான்கு நான்காகப் பங்கிட்டுக்கொள்கிறான். கணக்கு எங்கே முடிந்து அன்பு எங்கே தொடங்குகிறது என்பதைச் சிறுவர்க்கு இதனினும் எளிதாகக் காட்டுதல் அரிது.

குறைகளும் உள. மாந்தர் பலர் புதிரைச் சுமந்து வருவோராகவே நின்றுவிடுகின்றனர். திரைமறைவிலிருந்து பெரெமிஸிடம் கணிதம் கற்கும் தெலாசிம் என்னும் நங்கைக்கு, அவள் கற்ற கணக்கைத் தானே போட்டுக்காட்டும் வாய்ப்பு நூலில் வாய்க்கவில்லை. இறுதியில் அவனுக்கு மனைவியாகிறாள். கதைத்தலைவன் கிறித்துவ சமயத்தைத் தழுவுவதாக வரும் முடிவும் முன்னைய நிகழ்ச்சிகளிலிருந்து இயல்பாக முகிழ்க்கவில்லை.

வகுப்பறையில் அவர் நடத்தியது ஒரு போராட்டம். வாழ்க்கைக்குப் பயன்படாத கடுங்கணக்குகளை வேண்டுமென்றே கட்டிக் குழந்தைகளை அச்சுறுத்தும் ஆசிரியரை அவர் வெளிப்படையாகச் சாடினார். கணிதத்தின் மீதுள்ள வெறுப்பு கற்பிக்கும் முறையால் விளைவதென்பது அவர்தம் உறுதி. விளையாட்டுக் கருவிகள் நிறைந்த கணித ஆய்வுக்கூடம் பள்ளிதோறும் வேண்டும் என்றார். மாணவர்க்குச் சுழியம் மதிப்பெண் இட மறுத்தார். உடன்பணியாற்றியோரிற் சிலர் அவரைக் கணிதரென்றே ஏற்கவில்லை. 1957இல் கதை படித்தலும் சொல்லுதலும் பற்றித் தனிநூலே எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றிய அவர், தொழுநோயாளர் மீதான வெறுப்பைப் போக்கவும் ஓர் இதழ் நடத்தினார்.

1974 ஜூன் 18ஆம் நாள், ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்கச் சென்றிருந்த ரெசிஃபே நகரில், தம் 79ஆம் அகவையில் மாரடைப்பால் மறைந்தார். 2013இல் பிரேசில் அரசு அவர் பிறந்த மே 6ஆம் நாளைத் தேசியக் கணித நாளாகச் சட்டமியற்றி அறிவித்தது. தமக்காக எவரும் கருப்பாடை அணிந்து துக்கம் காக்க வேண்டா என்று முன்னரே எழுதிவைத்திருந்த அவர், தொழுநோயாளர்க்கான செய்தியொன்றையும் விட்டுச்சென்றிருந்தார்.