லெப்பாண்டோ வீரர் செர்வாண்டிஸ்

படையிலிருந்து விலகி வந்தபின், நற்சான்றுக் கடிதங்களை உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு, ஓர் உத்தியோகத்திற்காக அலுவலகந்தோறும் ஏறி இறங்கியோரை நம் காலனிப் பெரியவர்கள் கண்டிருப்பர். அவ்விதம் அலைந்த ஒருவரின் சரிதத்தை இம்மலரில் எழுத விழைகின்றேன். அவர் ஸ்பெயின் தேசத்தவர். பெயர் மிகுவெல் தெ செர்வாண்டிஸ். காற்றாலைகளை அரக்கர்களென்று மயங்கிப் போர்தொடுத்த டான் குவிக்ஸோட்டின் கதையை எழுதியவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் கடற்போர் வீரராக இருந்ததையும், அதன்பின் பட்ட பாட்டையும் அறிந்தோர் குறைவு.

மாட்ரிட் நகரத்தை அடுத்த அல்கலா என்னும் ஊரில் 1547-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை காயங்களுக்குக் கட்டுப்போடும் எளிய வைத்தியர். கடனுக்காகச் சிறை கண்டவர். மகன் இத்தாலி சென்று ஸ்பானியப் படையில் சேர்ந்தார்.

1571-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், கிரேக்கக் கரையோரம் லெப்பாண்டோவில், ஸ்பெயினும் வெனிஸும் போப்பாண்டவரும் சேர்ந்து அமைத்த கப்பற்படை துருக்கியரின் கப்பற்படையை எதிர்த்தது. இரு தரப்பிலும் இருநூறுக்கு மேற்பட்ட துடுப்புக் கப்பல்கள் இருந்தன. செர்வாண்டிஸ் ‘மார்க்கேசா’ என்னும் கப்பலில் கடுஞ்சுரத்துடன் படுத்திருந்தார். கீழ்த்தட்டிலேயே இருக்கும்படி தோழர்கள் வற்புறுத்தியும் கேளாது, ஆபத்து மிகுந்த இடத்தைக் கேட்டுப் பெற்றுப் போரிட்டார். மார்பில் இரண்டு குண்டுகள், இடக்கையில் ஒன்று. மார்புப் புண்கள் ஆறின. இடக்கை பயனற்றுப் போயிற்று. மெஸ்ஸினா மருத்துவமனையில் பல மாதங்கள் கிடந்து எழுந்தவர், அந்தக் கையோடு மீண்டும் படைக்கே திரும்பினார் என்பது நம்மை வியக்க வைக்கிறது.

1575-இல் தாயகம் புறப்பட்டார். படைத்தலைவர் டான் ஜுவானும், சேசா கோமகனும் கொடுத்த சிபாரிசுக் கடிதங்கள் அவரிடம் இருந்தன. அவற்றைக் காட்டினால் நல்ல பதவி கிட்டுமென்பது அவர் நம்பிக்கை. வழியில் கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்து, அவரையும் அவர் சகோதரரையும் அல்ஜியர்ஸ் நகருக்குக் கொண்டுபோய் அடிமைகளாக்கினர். அக்கடிதங்களே அங்கு அவருக்கு வினையாக முடிந்தன. இத்தனை பெரியோர் எழுதிக் கொடுத்திருப்பதால் இவர் பெரும் பிரபுவாக இருக்கவேண்டும் என்றெண்ணி, 500 பொன் நாணயங்களை மீட்புத் தொகையாக விதித்தனர். ஏழை வைத்தியர் குடும்பம் அதற்கு எங்கே போகும்? இருந்த பொருளைத் திரட்டிச் சகோதரரை மட்டுமே முதலில் மீட்க முடிந்தது. செர்வாண்டிஸ் நான்கு முறை தப்ப முயன்று நான்கு முறையும் அகப்பட்டார். 1580-இல், கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் செல்லும் கப்பலில் அவரை ஏற்றிய நிலையில், கைதிகளை மீட்பதையே தொண்டாகக் கொண்ட திரித்துவ சபைத் துறவியர் பணத்தைச் செலுத்தி அவரை விடுவித்தனர்.

ஊர் திரும்பியவரை வரவேற்றது வறுமை. நாடகங்கள் எழுதினார், 1585-இல் ஒரு நாவலையும் வெளியிட்டார், அவற்றால் வயிறு நிறையவில்லை. 1587-இல் ஆர்மடா என்ற பெருங் கப்பற்படைக்குக் கோதுமையும் எண்ணெயும் கொள்முதல் செய்யும் வேலை கிடைத்தது. ஊர் ஊராகச் சென்று, உடனே பணம் கொடுக்க வழியில்லாமல், மக்களின் களஞ்சியத்தில் கைவைக்கும் வேலை அது. எஸிஹா என்னும் ஊரில் கோவிலுக்குரிய தானியத்தை எடுத்ததற்காகத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. சர்க்கார் உத்தரவை நிறைவேற்றிய சிற்றூழியர்மீது பழி வந்து விழுவது எந்த நாட்டிலும் உள்ளதுதான் போலும்.

1590-இல் மன்னருக்கு விண்ணப்பித்தார். போர்ச் சேவை, காயங்கள், ஐந்தாண்டு அடிமை வாழ்வு அனைத்தையும் விவரித்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் காலியாக இருந்த நான்கு பதவிகளுள் ஒன்றைக் கேட்டார். அவற்றுள் இரண்டு கணக்கர் பதவிகள். அந்த விண்ணப்பத்தின்மீதே, இங்கேயே ஏதேனும் தேடிக்கொள்ளட்டும் என்ற கருத்துப்பட ஒரு குறிப்பை எழுதித் திருப்பிவிட்டனர். அந்த வேலை கிடைத்திருந்தால் டான் குவிக்ஸோட் பிறந்திருக்கமாட்டான் என்று கூறி மகிழ்வோர் உண்டு. அவ்விதம் மகிழ என் மனம் ஒப்பவில்லை. மனு எழுதியவர் கேட்டது ஓர் உத்தியோகம். அதற்கு அவர் முற்றிலும் உரியவராக இருந்தார்.

பின்னர் கிரனாடா பகுதியில் வரிப்பாக்கி வசூலித்தார். வசூலான தொகையைக் கையில் வைத்திருப்பது ஆபத்தென்று ஒரு லேவாதேவிக்காரரிடம் கட்டினார்; அவரோ திவாலாகி ஓடிவிட்டார். கணக்கில் விழுந்த துண்டு செர்வாண்டிஸ் தலையில் வந்தது. கேட்ட ஜாமீன் கொடுக்க வகையின்றி 1597-இல் செவில் நகரச் சிறையில் அடைபட்டார். ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு, லெப்பாண்டோவின் குண்டுகளைவிட இந்த இடத்தைப் படிக்கும்போதுதான் நெஞ்சு பதைக்கிறது. ஒரு சிறையில்தான் தம் பெருநூல் கருக்கொண்டது என்று அவரே அதன் முகவுரையில் குறிப்பாக உணர்த்தியுள்ளார்.

நூலின் முதற்பாகம் 1605-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 57. மக்கள் விரும்பி வாங்கினர். உரிமையை முன்னரே பதிப்பாளருக்கு விற்றுவிட்டதால், அவர் வீட்டு நிலை மாறவில்லை. அல்ஜியர்ஸில் அடிமைப்பட்ட ஒரு போர்வீரரின் கதையும் அந்நூலில் வருகிறது. 1614-இல் எவரோ ஒருவர் புனைபெயரில் போலி இரண்டாம் பாகம் எழுதி, செர்வாண்டிஸின் முதுமையையும் ஊனக் கையையும் எள்ளி நகையாடினார். மறு ஆண்டு தமது இரண்டாம் பாகத்தை வெளியிட்ட செர்வாண்டிஸ், அந்தக் கை எந்தப் போரில் போயிற்று என்பதைப் பெருமிதத்துடன் நினைவூட்டினார்.

1616 ஏப்ரல் 22-ஆம் நாள் மாட்ரிட்டில் அவர் காலமானார். முன்பு அவரை விலைகொடுத்து மீட்ட அதே திரித்துவ சபையைச் சேர்ந்த கன்னியர் மடத்தில் அவரை அடக்கம் செய்தனர். நாளடைவில் கல்லறை இருந்த இடம் மறந்துபோயிற்று. 2015-இல் அம்மடத்தின் நிலவறையில், வேறு பலருடைய எலும்புகளோடு கலந்து கிடந்தவற்றுள் அவருடையவையும் இருக்கக்கூடுமென ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். அவ்வாண்டிலேயே அவற்றை அங்கு மரியாதைகளுடன் மீண்டும் அடக்கம் செய்தனர்.